ஐயா சொல்லிவைத்த ஒரு வார்த்தை

1

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் டிரஸ்ட்டின் நிர்வாகக் குழு கூடும். சென்னையை அடுத்த ஒரகடத்தில் அப்போது சாயங்காலம். இங்கே ஜெர்மனியில், ஹைல்ப்ரோன் என்கிற இந்த ஊரில், எனக்குச் சமையல் நேரம். மஞ்சள்தூள் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணைக் கூட்டத்திலும் வைத்திருப்பேன். வந்து இத்தனை வருடமாகியும், ஊர்க்காரர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுவதைக் கேட்டுக்கொண்டே சமைத்தால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்கிறது.

டிரஸ்ட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வல்லம் வடகால் பக்கம் ஒரு செல்போன் கடைக்கு மேலே இரண்டு அறை. கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகள் மனசு சரியில்லை என்றால் மாடியேறி வந்து பேசலாம். தூக்கம் வரவில்லை, அழுகை நிற்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று வருவார்கள். அவ்வப்போது மனநல மருத்துவர் ஒருவர் வந்து பார்ப்பார். டிரஸ்ட்டுக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. 'ஐயா டிரஸ்ட்' என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் ஐயா, மண்ணூர்க்காரர், ஒரு பெரிய தொழிற்சாலையில் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பெனினா, மணிமங்கலத்துப் பெண். கவுன்சலிங் படித்துவிட்டு முழுநேரமும் அங்கேயே இருப்பவள், உண்மையில் டிரஸ்ட்டே அவள்தான். முருகன், ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் வேன் காண்டிராக்டர், பொருளாளர். நாலாவது அந்த டாக்டரம்மா. அவர் கூட்டத்துக்கு வந்ததாகச் சரித்திரமில்லை. ஐந்தாவது நான், கலா. நான் எதற்கு என்று கேட்டால், "ஃபாரின்ல ஒரு ஆள் கீறாங்கன்னா நோட்டீஸ்ல போட நல்லா இருக்கும்மே" என்று முருகன் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு வரப்போகும் ஆண்டு விழாவைப் பற்றிப் பேசி முடித்தோம். எழுந்திருக்கப் போகிற நேரத்தில் ஐயா, பேரன் பாஸான சேதியைச் சொல்கிற முகத்தோடு சொன்னார்.

"அப்பறம் அந்தப் பரமக்குடிப் பொண்ணு விஷயம். அவங்க எச்.ஆர்.கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேன். பிரஸ் மிஷின்லேர்ந்து எடுத்து லைட் டூட்டில போட்டுடுவான். நைட் ஷிஃப்டும் இருக்காது. நம்ம பையன்தான் அவன்."

"ஐயா ஒரு போன் போட்டா போதும், வேலை முடிஞ்சுது," என்றார் முருகன்.

நான் கரண்டியோடு போன் பக்கத்தில் வந்தேன். "ஐயா, என்னன்னு சொன்னீங்க?"

"உள்ளதத்தாம்மா சொன்னேன். பாவம் மனசு சரியில்ல, மாத்திர சாப்ட்டுகினு கீது, நம்மகிட்டதான் வந்துகினு கீது, கொஞ்சம் பாத்துக்கப்பான்னேன்."

"அந்தப் பொண்ணு சொல்லச் சொல்லிச்சா?"

ஐயாவுக்கு என் கேள்வியே புரியவில்லை. "அது எப்பிடிம்மா சொல்லும்? கூச்சப்படும். நாமதான் சொல்லணும்."

போன் திரையில் பெனினாவின் சதுரத்தில் அவள் முகம் இல்லை. கேமராவை அணைத்திருந்தாள். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, சுட்ட புளி வாடை கூடம் வரைக்கும் போனது.

அந்தப் பெண்ணின் பெயரைப் பெனினா எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் காட்ட அவளை அழைத்துவர முருகனின் வேன் ஹாஸ்டல் வாசலுக்குப் போயிருக்கிறது. டிரைவருக்கு ஹாஸ்டல் தெரிந்தது, ஆள் தெரிந்தது. அங்கிருந்து ஐயாவின் காதுக்கு வர ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

2

எங்கள் பக்கத்தில் வேலை என்பது விண்ணப்பம் போட்டுக் கிடைப்பதல்ல, யாராவது ஒரு வார்த்தை சொல்லிக் கிடைப்பது. நெல் விளைந்த இடத்தில் தொழிற்பேட்டை வந்தபோது எங்கள் ஜனங்களுக்குக் கம்பெனி வாசலில் நிற்கத் தெரிந்தது, உள்ளே போகத் தெரியவில்லை. ஐயாதான் உள்ளே இருந்தார். டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு முதல் வேலை அவர் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. என் தம்பிக்கும் அப்படித்தான். இன்றைக்கு அந்த வட்டாரத்தில் எச்.ஆர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பையன்களில் பாதிப் பேர் அவர் சொல்லி உள்ளே போனவர்கள். எதற்கும் அவர் கை நீட்டியதில்லை. வீடு தேடி வந்தவர் கொடுத்த பழத்தைக்கூட அங்கேயே வெட்டி அவருக்கே கொடுத்து அனுப்பிய மனிதர்.

இந்தப் பழக்கம் நம்மோடு விமானம் ஏறி வந்துவிடும். இங்கே வாடகைக்கு வீடு தேடியபோது, வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு சக ஊழியரிடம், "எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டேன். அவர் நான் லஞ்சம் கொடுக்க வந்தவள் போலப் பார்த்தார். "சம்பளச் சான்று, பழைய வீட்டுக்காரரின் கடிதம், கடன் இல்லை என்கிற சான்று, இவற்றை அனுப்புங்கள்," என்றார். அனுப்பினோம். பதில் வரவே ஒரு மழைக்காலம் போய்விட்டது. அன்றைக்கெல்லாம் ஐயா மாதிரி ஒருவர் இந்த ஊரில் இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன்.

ஐயா ஏன் டிரஸ்ட் தொடங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் மனைவிக்கு மனசு சரியில்லாமல் போனது. உத்தியோகம், கௌரவம், சம்பந்திகள் என்று பயந்து வெகுகாலம் மூடிவைத்தார். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மேடையேறி அந்தக் கதையை ஒளிவு மறைவில்லாமல் சொல்வார். பிள்ளைகள் விசும்பி விசும்பி அழுவார்கள். மறுநாளே நாலு பேர் மாடியேறி வந்து, "ஐயா பேசினதைக் கேட்டோம்" என்று உட்காருவார்கள். நானே இங்கே ஒரு மாதர் கூட்டத்தில் தட்டுத்தடுமாறி அதை ஜெர்மன் மொழியில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது அந்தக் கதையை எழுதப் போவதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

"மூடி வெச்சாத்தாம்மா நோவு. தொறந்து சொன்னா பாதி போச்சு," என்பார் ஐயா. அதை அவர் அனுபவித்து நம்பினார். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என் கேள்வி அவருக்குப் புரியவில்லை. அவரோடு சண்டை போடுவதற்கு எனக்கும் நாக்கு எழவில்லை.

3

இரண்டு வாரம் கழித்துப் பெனினா கூப்பிட்டாள். "அக்கா, உக்காந்துனு இருக்கீங்களா? உக்காருங்க," என்றாள்.

பரமக்குடிப் பெண்ணை முத்துச்செல்வி என்று சொல்கிறேன். அது அவள் பெயர் அல்ல. இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க, ஆனா இந்தப் பேரைப் போடுங்க" என்று அவளே கொடுத்தது.

கம்பெனிகளில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது லைனில் இருக்கிறவர்கள் எல்லோரும் வட்டமாக நின்று ஐந்து நிமிடம் பேசுவார்கள். நேற்று எத்தனை பீஸ், இன்றைக்கு எத்தனை, யார் லீவு. கடைசியில் ஒரு சேஃப்டி பாயிண்ட். தரையில் எண்ணெய் சிந்தியிருக்கிறது, க்ளவுஸ் இல்லாமல் தொடாதே, ஃபோர்க்லிஃப்ட் திரும்பும்போது பார். பிறகு எல்லோரும் கையை நீட்டி, "சேஃப்டி ஃபர்ஸ்ட்" என்று ஒரே குரலில் கத்திவிட்டுக் கலைவார்கள். நானும் வருடக்கணக்கில் அந்த வட்டத்தில் நின்று கத்தியவள்தான்.

ஐயா எச்.ஆர். பையனிடம் சொன்ன வார்த்தையை அவன் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறான். சூப்பர்வைசர் கெட்டவனில்லை. மிஷினில் யார் கையாவது போய்விட்டால் தன் தலைதான் உருளும் என்கிற பயம். மறுநாள் காலை வட்டத்தில் நின்று சொன்னான்: "இன்னிக்கு சேஃப்டி பாயிண்ட். முத்துச்செல்விக்கு மெண்டல் ப்ராப்ளம், மாத்திரை சாப்புடுது. யாரும் மிஷின் கிட்ட விடாதீங்க. ஒரு மாதிரியா தெரிஞ்சா உடனே என்கிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கையை நீட்டியிருக்கிறான். எல்லோரும் கை நீட்டி, "சேஃப்டி ஃபர்ஸ்ட்" என்றார்கள். பழக்கதோஷத்தில் முத்துச்செல்வியும் கையை நீட்டிச் சேர்ந்து கத்தினாளாம்.

பெனினா அழவில்லை. மேற்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். அன்றைக்கு சாயங்காலத்துக்குள் ஹாஸ்டலில் அறைப் பெண்கள் படுக்கையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். காய் நறுக்குகிற கத்தியை யாரோ எடுத்து ஒளித்துவைத்தார்கள். வார்டன் ஊருக்குப் போன் போட்டு, "உங்க பொண்ணுக்கு மனநிலை சரியில்லையாம், வந்து கூட்டினு போங்க," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

"அக்கா, மொத நாள் மாடியேறி வந்தப்ப அவ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். எங்க அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுக்கான்னா. இந்த வேலை இருக்கறதாலதான் உசுரோட இருக்கேன்னா. இப்ப அவரு வண்டி ஏறப் போறாரு. அவளை ஊருக்குக் கூட்டினு போய் உள்ள வெச்சுப் பூட்டினா, நான் இன்னாக்கா பண்றது?"

"ஐயாவுக்குத் தெரியுமா?"

"யாரு சொல்றது?" என்றாள்.

4

அதே வாரம் இங்கே எனக்கு ஒரு கதவு சாத்தப்பட்டது.

என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. பள்ளியில் சொன்னதால், வளரும் பிள்ளைகளுக்கான ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனேன். அவள் உள்ளே போனாள், நான் வெளியே. சுவரில் மாட்டியிருந்த கடல் படத்தை அலுக்கும் வரை பார்த்தேன். அவள் வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் காலணி மாட்டப் போனாள். நான் எழுந்து அந்த ஆலோசகர் அம்மாவிடம் போய், "என்ன சொன்னாள்?" என்றேன்.

அவர் புன்னகைத்தார். "அதை இனியா விரும்பினால் உங்களுக்குச் சொல்வாள்," என்றார்.

"நான் அவளுடைய அம்மா."

"தெரிகிறது."

பிறகு ஒரு நீளமான ஜெர்மன் சொல்லைச் சொன்னார். வாயைத் திறக்காமலிருக்கும் கடமை என்று அதற்குப் பொருள். மருத்துவர், வக்கீல், பாதிரியார் எல்லோருக்கும் அது உண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, மகள் சம்மதிக்காமல் பெற்ற தாய்க்கும் சொல்ல மாட்டாராம். அவளிடம் கேட்டுவிட்டு வந்தால் பேசலாம் என்றார்.

இந்த மொழியிலும் நம் மொழியைப் போல நீயும் உண்டு, நீங்களும் உண்டு. கோபத்தில் எனக்கு மரியாதை மறந்துவிட்டது. "நீ யார் அதைச் சொல்ல? நீயா பெற்றாய்?" என்று ஏகவசனத்தில் கத்திவிட்டேன். அந்தம்மா கோபப்படவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். இனியா வாசலில் நின்று, தலை குனிந்து, என்னை யாரோ தெரியாதவள் போல விட்டுவிட்டு முன்னால் நடந்துபோனாள்.

டிராம் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே ஒரு பெண்ணின் ரகசியத்தைத் தூக்கி லைனில் வைத்துவிட்டார்கள் என்று முந்தாநாள் முழுக்கக் கொதித்தவள் நான். இங்கே என் மகளின் ரகசியத்தை என்னிடம் தரவில்லை என்று இன்றைக்குக் கொதிக்கிறேன். அந்த நேரத்தில் ஐயா இந்த ஊரில் இருந்திருந்தால், அவரைக் கூப்பிட்டு, அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நிச்சயமாகக் கேட்டிருப்பேன்.

5

இந்த இடத்தில் இனியாவைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. எழுதி முடித்ததும் அவளுக்குப் படித்துக்காட்டினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. முந்திய பகுதியைக் கேட்டுச் சிரித்தாள். "நீ கத்தினதை எழுதிக்கோ, அது உன் கதை," என்றாள். "இது வேணாம்மா. எடுத்துடு."

எடுத்துவிட்டேன்.

6

ஆண்டு விழாவுக்காக நான் ஊருக்கு வந்தேன். இனியா வரவில்லை என்றாள். அவளை அவள் அப்பாவோடு விட்டுவிட்டு வந்தேன். வந்த மறுநாள் மாடி அறையில் குழு கூடியது. முத்துச்செல்வியும் வந்திருந்தாள், அவளைக் கூட்டிப்போக ஊரிலிருந்து வந்திருந்த அவள் அப்பாவும். அவர், மகளின் துணிகளை அடைத்த டிராலிப் பையை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

நடந்ததைப் பெனினா சொன்னாள். அவளுக்கு நான் மெச்சுகிற குணம் ஒன்று உண்டு, குரலை உயர்த்த மாட்டாள். சேஃப்டி பாயிண்ட் என்ற இடம் வந்ததும் ஐயா நிமிர்ந்தார்.

"லைன்லயா? எல்லாருக்கும் எதுருலயா சொன்னான்?"

"ஆமாய்யா."

"நான் அப்பிடிச் சொல்லச் சொல்லலியேம்மா." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இரு. அந்த எச்.ஆர். பையன இப்பவே..."

"அய்யா, போனை வைங்க," என்றாள் முத்துச்செல்வி.

ஐயாவிடம் அப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. முருகன் நாற்காலியில் நெளிந்தார். ஐயா போனை மேசைமேல் வைத்தார்.

"என்னய ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா நானே சொல்லிருப்பேன்ல," என்றாள். "எல்லார்ட்டயும் இல்ல. எங்க லைன்ல ஒரு அக்கா இருக்காக. யாருன்னு கேக்காதீக. அவுகளுக்கும் முன்னாடி இப்பிடித்தான் இருந்துருக்கு. அவுகட்ட மட்டும் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப அவுக எம்பக்கம் திரும்பவே பயப்படுறாக. எங்கூடப் பேசுனா தனக்கும் தெரிஞ்சுருமோன்னு."

ஐயா கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"தப்புதாம்மா," என்றார். "இன்னா பண்ணட்டும் நானு? சொல்லு, செய்யறேன்."

"ஒண்ணும் பண்ணாதீக அய்யா."

அவள் அப்பா எழுந்தார். "வா தாயி, போவம். சம்பளமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாமப் பாத்துக்கிருவோம்."

"நான் வரலப்பா."

ஐயாவின் கை உயர்ந்தது. அவருக்குப் பழக்கமான அந்த ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. பிறகு கை தானாக இறங்கியது. பெனினா முத்துச்செல்வியிடம் திரும்பினாள்.

"அப்பாகிட்ட நான் பேசட்டா, நீ பேசறியா, இல்ல இப்ப யாருமே பேச வேணாமா?"

"நானே பேசுறேன்க்கா. கீழ போயி."

இருவரும் இறங்கிப் போனார்கள். எதிரே டீக்கடை. ஜன்னலிலிருந்து பார்த்தோம். கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்ததில் அவர்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தார்கள். அவள் பேசினாள், அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"டீ வாங்கற மாதிரி போய் இன்னா பேசிக்கிறாங்கன்னு கேட்டுனு வரட்டா?" என்றார் முருகன்.

"உக்காருங்க முருகன்," என்றாள் பெனினா.

ஐயா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் போனதும் பெனினா சொன்னாள், இனி அவர் தலைவராக இருந்தால் தான் இருக்க முடியாதென்று. "எனக்கு அவருமேல கோவம் இல்லக்கா. ஆனா நாளைக்கு மாடியேறி வர்ற பொண்ணுகிட்ட, உன் பேரு வெளிய போவாதுன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

முருகன் திகைத்துப் போனார். "ஐயா இல்லாத ஐயா டிரஸ்ட்டா?"

டாக்டரம்மாவிடம் போனில் கேட்டோம். பெனினா சொல்வது சரி என்று ஒரே வரியில் முடித்தார். முருகனும் கடைசியில் தலையை ஆட்டினார். ஐயாவிடம் போய்ச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுகிறவள் கெட்ட பெயர் வாங்கினால் பரவாயில்லை அல்லவா.

7

மண்ணூரில் ஐயா வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. நாங்கள் எல்லோரும் 'அம்மா' என்போம். இத்தனை வருடத்தில் அவரை நான் பார்த்தது சொற்பம். விழாவுக்கு அவர் வந்ததே இல்லை. உடம்பு முடியாது போல என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. தலைக்குக் குளித்து, ஈரத் துண்டைக் கொண்டையில் சுற்றிக்கொண்டு, டி.வி.யில் சீரியல் ஓடவிட்டிருந்தார். காபி போட்டுக்கொண்டு வந்தார். "அவரு உள்ள கீறாரு. நேத்து வந்ததுலேர்ந்து சரியா சாப்புடல," என்றார். பிறகு டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"விழாவுல இந்த வருஷமும் என் கதையச் சொல்லப் போறாரா?"

"நீங்க ஒரு தடவகூட வந்ததில்லையேம்மா," என்றேன்.

"எங்கம்மா வர்றது? வந்தா எல்லாரும் என்னையத்தானே பாப்பாங்க. கடைக்குப் போனா, இப்ப எப்பிடிம்மா கீது, தூக்கம் வருதான்னு கேக்கறாங்க. கடைக்குப் போறதையே வுட்டுட்டேன். வூட்ல ஒரு நாள் கோவம் வந்து சத்தம் போட்டாக்கூட, மாத்திர போட்டியான்றாங்க. எனக்குக் கோவம் வரக் கூடாதா?"

"ஐயாகிட்ட சொன்னதில்லையாம்மா?"

"அவரு கேட்டதில்லையே."

அறை வாசலில் ஐயா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மனிதரை அப்படி அதிர்ந்துபோய் நான் பார்த்ததில்லை. நேற்று மாடியில் கேட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை போல நின்றார்.

"எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கலாமே," என்றார்.

"எவ்ளோ பேருக்கு நல்லது நடக்குது தெரியுமான்னு வந்து வந்து சொன்னீங்க. அப்பறம் நான் இன்னா சொல்றது?"

ஐயா நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. காபி பாதி மிச்சம் இருந்ததால் எழுந்திருக்கவும் முடியவில்லை. மாதர் கூட்டத்தில் வாங்கிய கைதட்டு ஞாபகம் வந்து, வெட்கத்தில் காது சுட்டது. நான் சொல்ல வந்ததை ஐயாவே சொல்லிவிட்டார்.

"பெனினாவத் தலைவரா போட்டுடுங்கம்மா. நீ அதத்தான் சொல்ல வந்துருப்ப." பிறகு மனைவியைப் பார்த்தார். "மேடைல நான் ஏறட்டுமா வேணாமா? நீ சொல்லு."

அம்மா யோசித்தார். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"ஏறுங்க. என்னப் பத்திப் பேசாதீங்க."

8

முத்துச்செல்வியின் அப்பா ராத்திரி வண்டி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுச் சில நாள் தங்கினார். டீக்கடையில் அவள் என்ன சொன்னாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவளோடு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, டிராலிப் பையை அவளிடமே கொடுத்துவிட்டுத் தனியாக ஊருக்குப் போனார். அவள் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டாள். வேறொன்றில் தானே வாசலில் நின்று, இண்டர்வியூ கொடுத்து, வேலை வாங்கினாள். இண்டர்வியூவுக்கு முதல் நாள் முழுக்க ஐயா தவித்ததாக முருகன் சொன்னார். அந்தக் கம்பெனி எச்.ஆரும் ஐயா சொல்லி உள்ளே போன பையன்தான். ஐயா போனைத் தொடவில்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் போன வருடமும் வந்தவர்கள். கைக்குட்டையை மடியில் தயாராக வைத்திருந்தார்கள். ஐயா மேடையேறி மைக்கைப் பிடித்தார். இனிமேல் பெனினாதான் தலைவர் என்றார். "நீங்க யாருகிட்ட எதைச் சொல்லணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். உங்களைக் கேக்காம உங்களைப் பத்தி ஒரு வார்த்தை வெளிய போவாது. போச்சு ஒரு தடவ. நான்தான் அனுப்பினேன்," என்றார். "இந்த வருஷம் கதை இல்ல. சாப்பாடு ரெடி."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், சிலர் தட்டினார்கள்.

கடைசி வரிசையில், ஹாஸ்டல் பெண்களுக்கு நடுவே, ஊதாப் புடவையில் அம்மா உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அந்தப் பெண்கள் எல்லாம் தெற்கிலிருந்து வந்தவர்கள், அவரை யாருக்கும் தெரியாது. பந்தியில் அவருக்கு ஒரு இலை தள்ளி நான் உட்கார்ந்தேன். இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டது அதற்கப்புறம். "எழுது. எனக்கு இன்னா வந்துச்சுன்னு மட்டும் எழுதாத," என்றார். எழுதவில்லை.

பக்கத்து இலைப் பெண் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அவரிடம் கேட்டாள்.

"உங்க பொண்ணு எந்தக் கம்பெனிம்மா?"

"பொண்ணு இல்லம்மா," என்றார் அம்மா. "நான் சும்மா சாப்புட வந்தேன்."

"நல்லது பண்ணுனீக. பாயாசம் ரெண்டாந்தடவ கேளுங்க, தருவாக," என்றாள் அந்தப் பெண்.

அம்மா கேட்டு வாங்கிக் குடித்தார்.